ஒரே நாள் ஓடிய நாடகங்கள்

1969ல் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்கிற கம்பெனி தன் விற்பனையாட்களையும் விநியோகஸ்தர்களையும் கூட்டிவைத்து ஓர் இசைநாடகம் போட்டுக் காட்டியது. கம்பெனி செய்து விற்பது குளியல் தொட்டி, வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை. நாடகத்தின் பெயர் ‘தி பாத்ரூம்ஸ் ஆர் கமிங்’. பாத்ரூம்கள் வருகின்றன! கிண்டலுக்காக வைத்த பெயர் இல்லை. சிட் சீகல் என்பவர் இசையமைக்க, தேர்ந்த பாடகர்கள் பாடினார்கள். அதில் ஒரு பெண் தன் பாத்ரூமைப் பற்றிப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், தான் தானாக இருக்கக் கிடைக்கும் இடம் அது என்கிறாள். கேட்கும்போது முதல் நிமிடம் சிரிப்பு வரும். அடுத்த நிமிடம் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுகிற அம்மாக்கள் நமக்குத் தெரியாதவர்களா என்ன.

இந்த வகைக்கு அமெரிக்காவில் ‘இண்டஸ்ட்ரியல் மியூசிகல்’ என்று பெயர். தமிழில் கம்பெனி இசைநாடகம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்திலிருந்து 1980கள் வரை கார், டிராக்டர், டீசல் எஞ்சின், துணி, சிலிக்கோன், பெட்ரோல் என்று எதை விற்ற கம்பெனியானாலும் வருடாந்திர மாநாட்டுக்கு இப்படி ஒன்றைப் போட்டது. டிக்கெட் கிடையாது. விமர்சகர் வரமாட்டார். பொதுமக்களுக்கு அனுமதியில்லை. சில நாடகங்கள் ஊர் ஊராகப் போயின; பல ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்து முடிந்தன. வந்தவர்களுக்கு ஞாபகார்த்தமாக ஓர் இசைத்தட்டு கொடுத்து அனுப்புவார்கள். அதோடு சரி.

பிராட்வேயில் ஒரு நாடகம் ஒரே இரவில் மூடப்பட்டால் அது படுதோல்வி. இங்கே ஒரே இரவுக்காகத்தான் அத்தனை உழைப்பும்.

இந்தக் கூத்து எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப்போனால் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில் ஜான் பேட்டர்சனிடம் போய் நிற்போம். 1884ல் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியை வாங்கி, அதை நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் ஆக்கியவர். விற்பனையாள் என்றால் வாய்ச்சவடால் அடிக்கும் நாடோடி என்று எல்லாரும் நினைத்த காலத்தில், அதையும் ஒரு தொழிலாகப் பயிற்றுவிக்கலாம் என்று நம்பினார். என்ன பேசவேண்டும் என்பதை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தார். ஆளுக்கு இவ்வளவு விற்கவேண்டும் என்று கணக்கு வைத்தார். கணக்கை எட்டியவர்களுக்கென்று ஒரு சங்கம், அதற்கொரு மாநாடு, மாநாட்டில் மேடை, மேடையில் கடைக்காரரும் விற்பனையாளும் பேசிக்கொள்வது போல நடிப்பு. சர்வாதிகாரி. நினைத்தால் யாரையும் வேலையை விட்டுத் தூக்குவார். அப்படி 1914ல் துரத்தப்பட்டவர்களில் ஒருவர் தாமஸ் வாட்சன்.

வாட்சன் அதே ஆண்டு வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். 1924ல் அதற்கு ஐபிஎம் என்று பெயர் வந்தது. பேட்டர்சனிடம் கற்றதையெல்லாம் கையோடு கொண்டுபோயிருந்தார். இலக்கை முழுதாக எட்டியவர்களுக்கு நூறு சதவீத சங்கம். நியூயார்க் மாநிலத்தில் எண்டிகாட் தொழிற்சாலை அருகே வரிசை வரிசையாகக் கூடாரம் அடித்து மாநாடு. எல்லாருக்கும் பாட்டுப் புத்தகம். ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் கம்பெனியையும் வாட்சனையும் மற்ற அதிகாரிகளையும் பெயர் சொல்லிப் புகழும் பாட்டுகள். கோட்டு சூட்டு போட்ட ஆண்கள் எழுந்து நின்று கோரஸாகப் பாடுவார்கள். நம்ம ஊரில் தலைவர் பிறந்தநாளுக்குச் சினிமா மெட்டில் பாட்டு எழுதிப் பாடுகிறார்களே, அதே சமாச்சாரம்தான்.

இதெல்லாம் வீட்டுச் சமையல். கம்பெனிக்காரர்களே எழுதி, கம்பெனிக்காரர்களே பாடி, கம்பெனிக்காரர்களே ஏற்பாடு செய்தது. அதன் உச்சம் 1940 மே 13.

அப்போது நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒருநாளை ஐபிஎம் தினமாக ஆக்கி, தொழிலாளர்கள், பழுதுபார்ப்பவர்கள், அவர்கள் குடும்பம் என்று ஏறத்தாழ 10,000 பேரைத் தனி ரயில்களில் கொண்டுவரத் திட்டம் போட்டார் வாட்சன். கம்பெனியின் சக்திக்கு மிஞ்சிய செலவு. ஐரோப்பாவில் அதற்கு மூன்று நாள் முன்புதான் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள்ளும் ஹாலந்துக்குள்ளும் புகுந்திருந்தது. உலக வணிகம் உலக அமைதியைக் கொண்டுவரும் என்று மேடைதோறும் முழங்கியவர் வாட்சன். 1937ல் பெர்லினுக்குப் போய் ஹிட்லர் அரசின் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அதைத் திருப்பி அனுப்பியது 1940 ஜூனில். விழா நடந்த மே மாதத்தில் பதக்கம் இன்னும் அவரிடமே இருந்தது.

விழாவுக்கு முந்தின இரவு, ஆட்களை ஏற்றி வந்த ரயில்களில் ஒன்று போர்ட் ஜெர்விஸ் என்ற ஊரருகே முன்னால் நின்ற இன்னொரு ரயிலின் பின்புறத்தில் மோதியது. இரண்டிலும் ஐபிஎம் குடும்பங்கள். யாரும் சாகவில்லை, காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். நள்ளிரவில் செய்தி கேட்ட வாட்சன் மகளைக் கூட்டிக்கொண்டு காரில் புறப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தார். நியூயார்க்கிலிருந்து டாக்டர்களையும் நர்ஸ்களையும் வரவழைத்தார். மறுநாள் விழா நடந்தது. பிற்காலத்தில் ஐபிஎம்மின் தலைவரான அவர் மகன், தன் சுயசரிதையில் அந்த இரவை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டில் வாட்சன் செய்த பேச்சுகள் எதுவும் இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. விழா திட்டமிட்டபடி நடந்ததா என்பதும் யாருக்கும் முக்கியமில்லை. ஞாபகம் இருப்பது அந்தக் கார்ப் பயணம்தான். அதை யாரும் நிகழ்ச்சி நிரலில் எழுதி வைத்திருக்கவில்லை.

போருக்குப் பிறகு கதை மாறுகிறது. காசு வந்தது, சந்தை பெருத்தது, வீட்டுச் சமையல் போதவில்லை. சமையற்காரரைக் கூப்பிட்டார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்பிரட் ஸ்லோன் 1930களின் தொடக்கத்திலிருந்தே நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் வங்கிக்காரர்களையும் தொழிலதிபர்களையும் அழைத்து மதிய விருந்து வைத்துக் காரைக் காட்டுவார். (இதே கம்பெனியின் ஃபிளின்ட் தொழிற்சாலைக்குள் 1936 டிசம்பர் கடைசியில் தொழிலாளர்கள் உட்கார்ந்து, 44 நாள் எழுந்திருக்க மறுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். விருந்து யாருக்கு என்பது எப்போதும் முக்கியமான கேள்வி.) 1949ல் அந்த விருந்து பொதுமக்களுக்கான காட்சியாக மாறியது. பின்னால் ‘மோட்டோரமா’ என்று பெயர் வந்தது. சுழலும் மேடை, நடனக்காரர்கள், இசைக்குழு, நடுவே இன்னும் யாரும் ஓட்டிப் பார்க்காத எதிர்காலக் கார்கள். 1953 ஜனவரியில் கார்வெட் காரை உலகம் முதலில் பார்த்தது அங்கேதான். 1961 வரை நடந்த இந்தக் காட்சிகளை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு.

மோட்டோரமா ஊருக்கு. கம்பெனி இசைநாடகம் உள்வீட்டுக்கு. இதன் தேவையைப் புரிந்துகொள்ள கார் வியாபாரத்தின் ஒரு விசித்திரத்தைப் பார்க்கவேண்டும். காரைச் செய்கிறவன் விற்பதில்லை. ஊர் ஊருக்கு இருக்கும் டீலர் தன் சொந்தக் காசைப் போட்டு வாங்கி விற்கிறார். அவர் கம்பெனியின் சம்பள ஆள் இல்லை. உத்தரவு போட முடியாது. ஆனால் வருஷா வருஷம் புது மாடல் வரும். போன வருஷக் காரின் விளக்கை மாற்றி, வாலை நீட்டி, இதுதான் இதுவரை வந்ததிலேயே சிறந்த கார் என்று கம்பெனி சொல்லும். போன வருஷமும் அதையேதான் சொன்னது. டீலர் அதை நம்பவேண்டும். நம்பினால்தான் வாடிக்கையாளரிடம் நம்பிக்கையோடு பேசுவார். பட்டியலும் சுற்றறிக்கையும் அந்த நம்பிக்கையைத் தராது. பாட்டு தரும். குறைந்தபட்சம் ஊர் போய்ச் சேரும்வரை தரும்.

இந்த வேலைக்கென்றே கம்பெனிகள் முளைத்தன. டெட்ராய்ட்டில் ஜாம் ஹேண்டி ஆர்கனைசேஷன் அவற்றில் பெரியது. ஜாம் ஹேண்டி என்ற அந்த மனிதரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்: 1904 ஒலிம்பிக்கில் நீச்சலில் வெண்கலம், 20 வருடம் கழித்து 1924ல் வாட்டர் போலோவில் இன்னொரு வெண்கலம். இடையில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டருக்கும் வேலை செய்தார். பேட்டர்சன் நிழல் விழாத இடமே இல்லை போல. ஷெவர்லேவுக்குப் பயிற்சிப் படங்களும் மேடைக் காட்சிகளும் இவர் கம்பெனி செய்துகொடுத்தது. எழுத்தாளர், இசையமைப்பாளர், மேடை அமைப்பாளர், விளக்குக்காரர், போக்குவரத்து என்று முழு ஏற்பாடும் ஒரே கூரையின் கீழ். இன்று ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு எல்இடி திரையும் டிஜேயும் சாப்பாட்டுக் கூப்பனும் கொண்டுவருகிற ஈவென்ட் மேனேஜ்மென்ட்காரர்களுக்கு இவர் ஒருவகையில் முப்பாட்டன்.

பணம் எவ்வளவு புரண்டது என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் ஒப்பீடு ஒன்று. 1956ல் பிராட்வேயில் ‘மை ஃபேர் லேடி’ மேடையேற ஆன செலவு ஐந்து லட்சம் டாலருக்கும் கீழே. ஏறக்குறைய அதே காலத்தில் ஷெவர்லே தன் டீலர்களுக்காகப் போட்ட காட்சிக்கு ஆனது 30 லட்சம் டாலர்.

பணம் இருக்கும் இடத்துக்குத் திறமை போகும். ஃபோர்டு டிராக்டருக்காக 1959ல் ‘ஃபோர்டிஃபை யுவர் ஃபியூச்சர்’ என்ற நாடகத்துக்குப் பாட்டெழுதி இசையமைத்தவர்கள் ஷெல்டன் ஹார்னிக்கும் ஜெர்ரி பாக்கும். ஐந்து வருடம் கழித்து அவர்கள்தான் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ செய்தார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்குக்காக 1966ல் ‘கோ ஃப்ளை எ கைட்’ செய்த ஜான் கேண்டரும் ஃப்ரெட் எப்பும் அதே 1966ல் ‘கேபரே’வை மேடையேற்றினார்கள். ஹாங்க் பீபி, பில் ஹேயர் போன்றவர்கள் இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார்கள். 1966ன் ‘டீசல் டாஸில்’ இவர்களுடையது. நடிகர்களுக்குச் சம்பளம் நல்லபடி. பிராட்வே வாய்ப்புக்காகக் காத்திருக்கும் மாதங்களில் வாடகை கட்ட இதுதான் வழி.

வேலை சுலபமில்லை. கம்பெனி ஒரு கோப்பைக் கொடுக்கும். அதில் புது எஞ்சினின் குதிரைத்திறன், எதிராளி எஞ்சினைவிட எதில் உசத்தி, இந்த வருட விற்பனைத் திட்டத்தின் பெயர், எந்தெந்த உதவித்தலைவரைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் எல்லாம் இருக்கும். அத்தனையும் எதுகை மோனையோடு பாட்டில் வரவேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிலிக்கோன் பிரிவுக்காக ஹாங்க் பீபி செய்த பாட்டொன்று சிலிக்கோனின் பயன்களை அடுக்கிக்கொண்டே போகிறது. வேதியியல் பாடத்தை யாரோ ஜதி சொல்வது போல இருக்கும். இது கலையா என்று கேட்டால் எனக்குச் சீட்டுக்கவி எழுதிய நம் புலவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். நெல்லு வேண்டும், வேட்டி வேண்டும் என்பதை விருத்தத்தில் எழுதினார்கள். பொருள் சாமானியம், இலக்கணம் பிசகாது.

ஆனால் கைத்திறன் மட்டும் இதன் விஷயமில்லை. 1949ல் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ பிராட்வேயில் மேடையேறியது. முப்பது நாற்பது வருடம் கம்பெனிக்காக ஊர் ஊராக அலைந்த வில்லி லோமனை, முதலாளியின் மகன் ஒரு பேச்சில் வேலையை விட்டு அனுப்புகிறான். அமெரிக்க மேடை விற்பனையாளைப் பற்றிச் சொன்னதில் அதுதான் நிலைத்தது. அதே தெருவின் ஆட்களை வாடகைக்கு எடுத்துக் கம்பெனிகள் நேரெதிரான நாடகத்தை எழுதவைத்தன: நீதான் கதாநாயகன், உன் சூட்கேஸ்தான் கவசம், நீ இல்லையென்றால் இந்த நாடு நகராது. இதைப் பொய் என்று ஒதுக்குவது சுலபம். பெரும்பகுதி பொய்தான். இருந்தாலும் அரங்கில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ ஒரு சின்ன ஊரில் டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். உதிரிபாகம் நேரத்துக்கு வராத கவலை, மெக்கானிக் சொல்லாமல் லீவு போட்ட எரிச்சல், வாங்கினவன் தவணை கட்டாத கடுப்பு. அவர் வாழ்க்கையைப் பற்றி வேறு யாரும் ஒரு பாட்டு எழுதப்போவதில்லை. ‘டீசல் டாஸில்’ எழுதியது. நல்ல குரலில், நல்ல மெட்டில், முழுசாக. மில்லரின் நாடகத்தை வில்லி லோமன்கள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

தொழிற்சாலைக்குள் எஞ்சினைப் பூட்டிய தொழிலாளிக்கு இப்படி ஒரு பாட்டு எழுத யாரும் பிராட்வேக்குச் சொல்லியனுப்பவில்லை. அவனை நம்பவைக்கத் தேவை இருக்கவில்லை. சங்கு ஊதினால் வந்துவிடுவான். புகழ்ச்சி தேவைப்படுகிற இடத்துக்குத்தான் போனது.

இந்தக் கூட்டத்தில் மைக்கேல் பிரவுன் என்று ஒருவர் உண்டு. டெக்சாஸ்காரர். நைட் கிளப்புகளில் பாடியவர். ஜே.சி. பென்னி கடைகளின் அறுபதாம் ஆண்டுக்காக 1962ல் ‘பென்னி ப்ரவுட்’ எழுதினார். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் டூபாண்ட் கம்பெனிக்காக ‘வொண்டர்ஃபுல் வேர்ல்ட் ஆஃப் கெமிஸ்ட்ரி’ என்ற குட்டி இசைநாடகம் எழுதினார். நைலானையும் செயற்கைத் தோலையும் புகழ்கிற அந்த நாடகம் இரண்டு பருவங்களில் சுமார் 17,000 தடவை நடந்தது. பிராட்வேயின் எந்த நாடகமும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. இந்த வகை வேலைகள்தான் அவருக்குச் சோறு போட்டன.

அவரும் மனைவி ஜாயும் நியூயார்க்கில் வசித்த காலத்தில் அவர்கள் வீட்டுக்கு அலபாமாவிலிருந்து வந்த ஒரு பெண் வந்துபோவார். ட்ரூமன் கபோட்டி அறிமுகப்படுத்திய பெண். விமான கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து எழுதுவார். எழுத நேரம் போதாது. 1956 கிறிஸ்துமஸ் காலையில் பிரவுன் வீட்டு மரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் எழுதிய உறை ஒன்று இருந்தது. உள்ளே ஒரு வருடச் சம்பளத்துக்கு ஈடான பணம். வேலையை விட்டுவிட்டு உனக்கு இஷ்டமானதை எழுது என்று ஒரு குறிப்பு. தொகை பெரியது, அவர்கள் அப்படியொன்றும் பணக்காரர்களும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருந்த வீடு. அந்த வருடம் வேலை நன்றாக நடந்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் வேலையை விட்டார். அவர் பெயர் ஹார்ப்பர் லீ. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960 ஜூலையில் வெளிவந்தது, மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்றது. அவருக்கு இலக்கிய முகவரைப் பிடித்துக் கொடுத்ததும் பிரவுன்தான்.

இலக்கிய வரலாற்றில் இந்த உறை பிரசித்தம். அந்தக் காசு சேர்ந்த தொழிலைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. விற்பனை மாநாட்டுக்குப் பாட்டெழுதிப் பிழைத்த ஒருவரின் சம்பாத்தியம், இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகம் வாசிக்கப்பட்ட அமெரிக்க நாவல்களில் ஒன்றுக்கு ஒரு வருடம் சோறு போட்டிருக்கிறது. கம்பெனி நிகழ்ச்சிகளால் விளைந்த நன்மை என்று யாராவது கணக்கெடுத்தால் முதல் வரியாக இதை எழுதலாம். எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இது வந்திராது.

1970களில் ஆட்டம் அடங்கத் தொடங்கியது. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது, பெரிய கார்களின் மவுசு இறங்கியது, ஜப்பான் கார்கள் நுழைந்தன. ஸ்லைடு புரொஜெக்டர்களும் வீடியோவும் மலிவாகின. பிராட்வே பாணி மெட்டுகள் இளம் விற்பனையாட்களின் காதில் அப்பா காலத்துப் பாட்டாக விழுந்தன. வால்டார்ஃபில் காலைச் சாப்பாட்டோடு நட்சத்திரங்களை ஆடவைத்த மில்லிக்கன் துணிக் கம்பெனியின் காட்சி 1956ல் தொடங்கி 1980ல் நின்றது. 1984 ஜனவரியில் கூப்பர்டினோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் பையிலிருந்து மெக்கின்டாஷை எடுத்து மேஜையில் வைத்தபோது கோரஸ் பாடகர்கள் தேவைப்படவில்லை. இயந்திரமே பேசியது, கூட்டம் எழுந்து நின்று கத்தியது. டீலரைக் கதாநாயகன் என்று பாடிய மேடையில் இப்போது முதலாளியே கதாநாயகன்.

இசைத்தட்டுகள் பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் போய்ச் சேர்ந்தன. 1990களில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்த ஸ்டீவ் யங், கிண்டல் செய்வதற்காக விசித்திரமான தட்டுகளைத் தேடினார். அது அவருடைய வேலை. தேடப்போன இடத்தில் இந்தப் பாட்டுகள் மாட்டின. கிண்டலுக்கு எடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். டீசல் எஞ்சின் பாட்டு தலையை விட்டுப் போகவில்லை. பிறகு சேகரிக்கத் தொடங்கினார். 2013ல் ஒரு புத்தகம் எழுதினார். 2018ல் ‘பாத்டப்ஸ் ஓவர் பிராட்வே’ என்ற ஆவணப்படம் வந்தது. படத்தில் யங் முதுமையடைந்த இசையமைப்பாளர்களையும் பாடகர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார். தன் பாட்டு யாருக்கோ ஞாபகம் இருக்கிறது என்பதை அவர்களால் முதலில் நம்ப முடிவதில்லை. பாத்ரூம் பாட்டைப் பாடிய பெண்மணியையும் கண்டுபிடிக்கிறார். ஐம்பது வருடம் கழித்தும் அவருக்கு வரிகள் மறக்கவில்லை.